புலிக்காட்டுச் சாலையில் சைக்கிள் போகலாமா?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை. கோவை, திருப்பூர், அவிநாசிச் சாலைகளில் சில ஆண்டுகளாக ஒரு புதுக் காட்சி. தலையில் கவசம், முதுகில் சிறு பை, வண்டியின் முன்னால் மின்மினி போல ஒரு விளக்கு. நாலு பேர், பத்துப் பேர் என்று கூட்டமாகச் சைக்கிளில் போகிறார்கள். பால்காரர்கள் அல்ல. மில் சங்குக்கு ஓடுகிறவர்களும் அல்ல. டாக்டர் இருக்கிறார். பனியன் கம்பெனி முதலாளி இருக்கிறார். கல்லூரி மாணவர் இருக்கிறார். வீட்டில் கார் நிற்கிறது. இவர்கள் சைக்கிள் மிதிக்கிறார்கள்!

எங்கே போகிறார்கள்? பெரும்பாலும் மலைக்கு.

அவிநாசிக்காரருக்கு மலை தூரமில்லை. அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போனால் நீலகிரி. சேவூர், புளியம்பட்டி வழியாகப் போனால் சத்தியமங்கலம். இந்த இரண்டாவது பாதை சுமார் 45 கிலோமீட்டர். அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பண்ணாரி. மாரியம்மன் கோவிலைத் தாண்டியதும் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் காடு. சாதாரணக் காடு அல்ல, புலிகள் காப்பகம்.

அந்தச் சாலையில் சைக்கிளில் போகலாமா என்பதுதான் கேள்வி. கேள்வி சிறியது. பதிலில் லாரி இருக்கிறது, யானை இருக்கிறது, தாளவாடி விவசாயி இருக்கிறார், நீதிமன்றமும் இருக்கிறது.

27 வளைவுகள்

பண்ணாரியில் இருந்து திம்பம் வரை ஒரே ஏற்றம். 27 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் வெயில் கொளுத்தும். உச்சியில் பனி மூடும். திம்பம் கடல் மட்டத்தில் இருந்து 1,000 மீட்டருக்கு மேல் உள்ள இடம். கியர் வைத்த சைக்கிள் ஆனாலும் இந்த ஏற்றத்தில் அவிநாசித் தேர் நகர்வது போலத்தான் நகரும். நடந்து போகிறவர் பக்கத்தில் பேசிக்கொண்டே வரலாம்.

இது கோவை, சத்தியமங்கலத்தை மைசூருடன் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. பஸ் போகிறது. கல், கரும்பு, காய்கறி ஏற்றிய லாரிகள் போகின்றன. நீளமான லாரி ஒன்று வளைவில் சிக்கிக்கொண்டால் போதும். மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று மணிக்கணக்கில் வண்டிகள் நின்றுவிடும். சில வளைவுகளின் தடுப்புச் சுவரில் இரவு நேரத்தில் சிறுத்தை உட்கார்ந்திருப்பதை வண்டியில் போகிறவர்கள் படம் பிடித்திருக்கிறார்கள். பகலில் அதே சுவரில் குரங்குகள்.

திம்பத்தைத் தாண்டினால் ஏற்றம் குறையும். ஆசனூர் வரும். மூங்கில் காடு, புல்வெளி, குளிர்ந்த காற்று. மிதித்து வந்த களைப்பு அங்கே மறந்துபோகும். அப்பால் காரப்பள்ளம் சோதனைச் சாவடி. கரும்பு லாரிகளை யானைகள் வழிமறிப்பது இந்தப் பகுதியில்தான். லாரி நின்றால் கரும்பு கிடைக்கும் என்று அவை கண்டுகொண்டன. ஓட்டுநர்கள் இரக்கப்பட்டு வீசிய கரும்புதான் அவற்றுக்கு இந்தப் பழக்கத்தைக் கொடுத்தது. இப்போது கரும்பு வீசினால் வனத்துறை அபராதம் போடுகிறது. ஆனால் கற்றுக்கொண்ட யானைக்கு அதை மறக்க வைப்பது யார்?

பயம் மாறிய காடு

ஒரு காலத்தில் இந்தக் காட்டின் பெயரைச் சொன்னாலே மக்கள் நடுங்கினார்கள். காரணம் யானை அல்ல, வீரப்பன். தாளவாடி பக்கத்தில் உள்ள தொட்டகாஜனூரில் இருந்துதான் 2000-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி இரவு நடிகர் ராஜ்குமார் கடத்தப்பட்டார். 2004-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்குப் பிறகுதான் பொழுதுபோக்குக்காக இந்தக் காட்டைப் பார்க்க வருகிறவர்கள் பெருகினார்கள்.

காடும் பெருகியது. 2008-ல் வனவிலங்கு சரணாலயம் ஆயிற்று. 2013-ல் புலிகள் காப்பகம் ஆயிற்று. பரப்பு சுமார் 1,400 சதுர கிலோமீட்டர். 2011-ல் இங்கே 25 புலிகள் என்று கணக்கிட்டார்கள். பத்து ஆண்டுகளில் அது 80 வரை உயர்ந்தது. புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக 2022-ல் ஒரு சர்வதேச விருதும் கிடைத்தது.

நீலகிரிக் காட்டையும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காட்டையும் சேர்க்கிற பாலம் இது. யானைகள் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு இதன் வழியாகத்தான் போகின்றன. பாலத்தின் குறுக்கே ஓடுகிறது நெடுஞ்சாலை.

இரவில் அடைத்த கதவு

சாலையில் அடிபட்டு விலங்குகள் செத்தன. மான், சிறுத்தை என்று எதுவும் தப்பவில்லை. 2019 ஜனவரியில் ஈரோடு மாவட்ட கலெக்டர் இரவுப் போக்குவரத்தைத் தடை செய்து உத்தரவு போட்டார். உத்தரவு காகிதத்திலேயே இருந்தது. வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. கோர்ட்டு கண்டிப்புடன் சொல்லவே, 2022 பிப்ரவரி 10-ந் தேதி முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

உடனே எதிர்ப்பு கிளம்பியது. தாளவாடி மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் இருந்தது. தாளவாடி தமிழ்நாட்டில் இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கு வரக் காட்டைக் கடக்க வேண்டும். முட்டைக்கோசும் தக்காளியும் விடிவதற்குள் சந்தை சேர வேண்டும். விடிந்த பிறகு வந்த தக்காளிக்கு என்ன விலை கிடைக்கும்? பிரசவ வலி எடுத்தால் காலை 6 மணி வரை காத்திருக்க முடியுமா? அவசர ஊர்திக்குத் தடை இல்லை என்றாலும், எல்லா வலிக்கும் அவசர ஊர்தி வந்து நிற்பதில்லை.

2022 ஏப்ரலில் ஐகோர்ட்டு ஏற்பாட்டை மாற்றியது. உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை கிடைத்தது. அதிக பாரம் ஏற்றிய பெரிய லாரிகளுக்குக் கட்டுப்பாடு இறுகியது. பக்கத்தில் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டில் 2009-ல் இருந்தே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இப்படிக் கதவு அடைக்கிறார்கள்.

அடைத்தது சரிதான். காட்டை வதைப்பது பாரமும் வேகமும் இருட்டும். மூன்றும் சேரும்போதுதான் சாவு. சைக்கிளில் பாரமும் இல்லை, வேகமும் இல்லை. புகை இல்லை, ஊதுகுழல் இல்லை. அப்படியானால் பகலில் சைக்கிளுக்குத் தாராளமாகக் கதவைத் திறந்துவிடலாம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது.

சத்தமில்லாத வண்டி

லாரி வருவது யானைக்கு ஒரு கிலோமீட்டருக்கு முன்பே தெரியும். ஒதுங்கும், அல்லது தயாராக நிற்கும். சைக்கிள் வருவது தெரியாது. வளைவில் திரும்பினால் பத்து அடியில் யானை! திடுக்கிட்ட யானையைவிடப் பெரிய அபாயம் காட்டில் இல்லை. குட்டி உடன் இருந்தால் கேட்கவே வேண்டாம். சமதரையிலேயே யானையின் ஓட்டத்துக்குச் சைக்கிள் ஈடு கொடுப்பது கஷ்டம். ஏற்றத்தில் பேச்சே இல்லை.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் மோட்டார் சைக்கிளில் சென்ற ஒரு ஜெர்மானியப் பயணி காட்டு யானை தாக்கி உயிர் இழந்தார். எஞ்சின் வைத்த வண்டிக்கே அந்தக் கதி.

சைக்கிள்காரர்கள் வழியில் தின்பதற்கு வாழைப்பழம் வைத்திருப்பார்கள். யானைக்கும் குரங்குக்கும் பிடித்த பண்டமும் அதுதான். பையில் பழ வாசனையோடு காட்டுக்குள் போவது விருந்துக்கு அழைப்பது போல.

சட்டம் என்ன சொல்கிறது? 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது. ஆனால் பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவருக்கு அந்தத் தடை இல்லை. கடந்து போகிறவருக்கு மட்டும்தான். தாரை விட்டு இறங்கி நிழலில் படுப்பது, அடுப்பு மூட்டுவது, ஓடையில் குளிப்பது, குறுக்கே போகிற மண் தடத்தில் சைக்கிளைத் திருப்பிப் பார்ப்பது எல்லாம் குற்றம். இதைச் சோதனைச் சாவடியில் எவ்வளவு பெரிய எழுத்தில் எழுதி வைத்தாலும் தகும்.

பஸ்சில் ஏறும் சைக்கிள்

அமெரிக்காவின் வடகோடியில் அலாஸ்கா என்ற மாநிலம். அங்கே தெனாலி என்று ஒரு தேசியப் பூங்கா. (நம் தெனாலிராமனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) கரடியும் ஓநாயும் திரியும் மலைக்காடு. உள்ளே போக ஒரே சாலை. நீளம் சுமார் 148 கிலோமீட்டர். 1972-ல் அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள். சொந்தக் கார் முதல் 24 கிலோமீட்டர் வரைதான். அதற்கு மேல் பூங்காவின் பஸ்சில் போக வேண்டும். சைக்கிளுக்கு அந்த எல்லை இல்லை. மிதிக்கலாம். களைத்தால் சைக்கிளைத் தூக்கி வைக்க அதற்கென இடம் உள்ள பஸ்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் மலை சரிந்து பாதியில் சாலை அடைபட்டது. ஆனால் ஏற்பாடு மாறவில்லை.

திம்பத்தில் தெனாலி போலக் காரை நிறுத்த முடியாது. அங்கே உள்ளே ஊர்கள் இல்லை. இங்கே தாளவாடியும் ஆசனூரும் இருக்கின்றன. ஆனால் பஸ் யோசனையை எடுத்துக்கொள்ளலாமே! அது நமக்குப் புதிதும் அல்ல. ஒரு காலத்தில் பஸ் கூரையில் மூட்டை போயிற்று, கோழிக்கூண்டு போயிற்று, சைக்கிளும் போயிற்று. இப்போது வரும் பஸ்களில் பின்பக்க ஏணி இல்லை. கூரையில் கம்பியும் இல்லை. பண்ணாரிக்கும் காரப்பள்ளத்துக்கும் இடையே பகலில் ஓடும் இரண்டொரு பஸ்களில் சைக்கிள் மாட்டக் கொக்கி வைத்தால் என்ன? டிக்கெட்டோடு சைக்கிளுக்கும் கட்டணம் வாங்கட்டும். யானை நடமாட்டம் உள்ள நாளில் வனக்காவலர் கை காட்டினால் சைக்கிள் பஸ்சில் ஏறும். மற்ற நாளில் மிதித்துப் போகும்.

இதனால் அவிநாசிக்கு என்ன என்று கேட்கலாம். 2024 ஆகஸ்டு 17-ந் தேதி அத்திக்கடவு - அவிநாசி திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர். அது பவானி ஆற்றில் காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே எடுக்கப்படும் உபரி நீர். பவானிசாகர் அணையில் பவானியோடு வந்து சேரும் மாயாறு இந்தப் புலிக்காட்டை ஒட்டித்தான் ஓடி வருகிறது. காடு வற்றினால் உபரி எங்கே இருக்கும்? அறுபது ஆண்டுக்கும் மேல் கேட்டுப் போராடிப் பெற்ற தண்ணீர் அது.

போக நினைப்பவர்கள் தனியாகப் போக வேண்டாம். பழத்தைப் பண்ணாரிக்கு முன்பே தின்று முடித்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் அன்றைய நிலவரத்தைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். காலை 8 மணிக்கு மேல் ஏறுவது நல்லது. விடியலிலும் அந்தியிலும்தான் யானைகள் சாலைக்கு வரும். தூரத்தில் யானையைக் கண்டால் மணி அடிக்க வேண்டாம், போனை எடுக்க வேண்டாம். வந்த வழியே பின்வாங்கி, ஒரு பஸ் வரும் வரை காத்திருங்கள்.

இறங்கும்போதுதான் அதிகக் கவனம் வேண்டும். 27 வளைவிலும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே இறங்கினால் சக்கரத்தின் வளையம் சூடேறும், டியூப் வெடிக்கும். விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். நடுவே ஒதுங்க இடம் உள்ள வளைவில் நின்று ஆறவிட வேண்டும். பிற்பகல் 4 மணிக்குள் பண்ணாரிக்கு இறங்கிவிட்டால், புளியம்பட்டியில் விளக்கு வைக்கும் நேரம். இரவுச் சாப்பாட்டுக்கு அவிநாசி வந்துவிடலாம்.