சூளைப் புகையும் பிள்ளையின் மூச்சும்

மேற்கே வெள்ளியங்கிரி மலை, அடிவாரத்திலே நொய்யல், பருகுதற்குச் சிறுவாணி நீர், பார்க்குமிடமெல்லாம் வாழையும் பாக்கும். தொண்டாமுத்தூர் வட்டாரத்துக்கு இயற்கை வஞ்சனை செய்யவில்லை. வஞ்சனை செய்தோர் மனிதர்கள்! மண்ணைத் தோண்டியவர், அந்த மண்ணைச் சுட்டவர், சுட்ட புகையைக் கண்டும் காணாதிருந்தவர் – இம்மூவகையினரே வஞ்சித்தவர்கள்.

கதை தடாகத்திலிருந்து தொடங்குகிறது. தொண்டாமுத்தூருக்கு வடக்கே, அதே மலைத்தொடரின் மடியில் கிடப்பது தடாகம் பள்ளத்தாக்கு. சின்னத்தடாகம், நஞ்சுண்டாபுரம், வீரபாண்டி, சோமையம்பாளையம், பன்னிமடை என்னும் ஐந்து ஊராட்சிகளில், முறையான உரிமமின்றி எரிந்துகொண்டிருந்த 170-க்கும் மேற்பட்ட செங்கற்சூளைகள் 2021-ஆம் ஆண்டில் மூடப்பட்டன. கேட்கிறேன்: இத்தனை சூளைகளும் ஒரே இரவில் முளைத்த காளான்களா? புகைபோக்கி என்ன, மடியில் மறைக்கக்கூடிய பொருளா? வானளாவ நின்றதே! அதிகாரிகளின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லையா? நீதிமன்றத்தின் படியேறி மக்கள் போராடிய பிறகன்றோ சட்டம் கண்விழித்தது!

அத்தோடு தீர்ந்ததா? இல்லை. தொண்டாமுத்தூர் அடங்கிய பேரூர் வட்டத்திலே சட்டத்துக்குப் புறம்பாகச் செம்மண் அள்ளப்பட்ட வழக்கு, 2024-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் நின்றது. ஓரிடத்தில் பூட்டு, வேறிடத்தில் மண்வெட்டி! இதற்குப் பெயர் நடவடிக்கையா, நாடகமா?

புகைதானே, காற்றோடு போய்விடும் என்பர் சிலர். போவதில்லை, தோழர்களே! குளிர்கால இரவிலே மலைச்சரிவில் இறங்கும் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கிலே படிந்துவிடும். அதன்மேல் வெப்பக் காற்று மூடிபோல் அமரும். மேலே செல்ல வழியற்ற புகை, விடியற்காலையிலே தரையோடு தவழும். பிள்ளைகள் புத்தகப் பையுடன் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் அதுவே!

வளர்ந்தவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். கைக்குழந்தையோ 30 முதல் 60 முறை. எடைக்கு எடை பார்த்தால் நம்மினும் மிகுதியான காற்றை, மிகுதியான நஞ்சை, அக்குழந்தை உட்கொள்கிறது. மயிரிழையின் தடிப்பிலே இருபதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள், நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை செல்லும். இருமலும் இளைப்பும் மட்டுமல்ல, வளர வேண்டிய நுரையீரலின் வளர்ச்சியே குன்றும்.

அந்த நுண்துகளுக்கு ஆண்டுச் சராசரியாக உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த அளவு, ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். இந்திய அரசு 2009-இல் வகுத்த வரம்போ 40. எட்டு மடங்கு! நம் வீட்டுப் பிள்ளைகளின் நுரையீரல் மட்டும் எட்டு மடங்கு உறுதியான இரும்பினால் வார்த்ததா?

"சூளையை மூடினால் ஏழையின் அடுப்பு அணையுமே" என்று கண்ணீர் வடிக்கிறார்கள் முதலாளிகள். ஏழைக்காக வடிக்கும் கண்ணீரா அது? சூளையோரக் குடிசையிலே தங்கிக் கல் அறுக்கும் தொழிலாளியின் பிள்ளையன்றோ அப்புகையை முதலில் குடிக்கிறது! கூலியைக் காட்டி மூச்சைப் பறிப்பவர், கூலிக்காரனின் காவலராக வேடமிடுவதை நம்பலாமோ? வேலையா, மூச்சா என்னும் கேள்வியே பொய்க் கேள்வி. இரண்டும் தொழிலாளியின் உரிமை.

வழியில்லாமலும் இல்லை. புகையைக் குறைக்கும் ஜிக்ஜாக் முறைக்குச் சூளைகள் மாற வேண்டும் என்றும், புதிய சூளை குடியிருப்புக்கும் பழத்தோட்டத்துக்கும் 800 மீட்டர் தள்ளியே அமைய வேண்டும் என்றும் மத்திய அரசே 2022 பிப்ரவரியில் விதி செய்தது. விதி செய்த அதே அரசு, 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டத்தைக் கொண்டுவந்து, காற்றுச் சட்டத்தின் பெரும்பாலான குற்றங்களுக்குச் சிறையை நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கியது. பணமுள்ளவனுக்கு அபராதம் தண்டனையா? தொழிற்செலவிலே ஒரு வரி!

காற்றைத் திருத்த முடியாதென்போர்க்கு உலகம் விடை தந்திருக்கிறது. 1952 டிசம்பரில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது இலண்டன் புகைமூட்டம். 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. தென் கலிபோர்னியாவிலே மாசு குறையக் குறையப் பிள்ளைகளின் நுரையீரல் நன்கு வளர்ந்ததை 2015-இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. அங்கே வளரும் நுரையீரல் இங்கே மட்டும் வளராதோ?

ஆகவே கேட்போம். குறிச்சி சிட்கோவிலே நிற்கும் கருவி மலையடிவாரத்துப் பிள்ளையின் மூச்சை அளக்காது. பள்ளிகளின் அருகே காற்றை அளந்து, அளவைப் பலகையிலே எழுதி வைக்கட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்கள், இளைப்போடு வரும் பிள்ளைகளின் கணக்கை ஊர்வாரியாக வெளியிடட்டும். மூடிய சூளையின் தொழிலாளிக்கு, சூளையிலே பொருள் குவித்தவர் செலவில் மாற்று வாழ்வு அமையட்டும்.

பிள்ளைகளுக்கு வாக்குச்சீட்டு இல்லை. மனு எழுதத் தெரியாது. அவர்களுக்காகப் பேச நம்மையன்றி யார் உளர்? தூய காற்று உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்சநீதிமன்றம் 1991-லேயே உரைத்துவிட்டது. தீர்ப்பு ஏட்டிலே உறங்குகிறது. அதைக் கிராம சபைக்குக் கொண்டு செல்லுங்கள், தீர்மானமாக்குங்கள், திண்ணைதோறும் பேசுங்கள். யாசகம் கேட்கவில்லை நாம். நம் பிள்ளைகளின் மூச்சைத் திருப்பிக் கேட்கிறோம்!