எடைக்குத் தைராய்டுதான் காரணமா?

"எனக்குத் தைராய்டு இருக்கு, அதான் உடம்பு போடுது" என்ற பேச்சைக் கேட்காத வீடு இங்கே குறைவு. பரிசோதனை அறிக்கையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 5, 6 என்று சற்று ஏறியிருந்தாலே, மொத்த எடைக்கும் பழி அந்தச் சுரப்பியின் மேல் விழுகிறது. பருமனான பலரிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. கொழுப்புத் திசுவும் ஹார்மோன் சுரக்கிறது. கொழுப்பு கூடக்கூட அது சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கூடி, மூளையின் ஹைப்போதலாமஸைத் தூண்ட, பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து டி.எஸ்.எச். அதிகமாக வருகிறது. பெருத்த கொழுப்பில் நோய் எதிர்ப்பு அணுக்கள் குவிந்து, இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிப் பொருட்களை இரத்தத்தில் விடுகின்றன. தைராய்டு செல்கள் அயோடினை உள்வாங்குவதை இத்தகைய பொருட்கள் மட்டுப்படுத்துவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எடை குறைந்ததும், குறிப்பாகப் பருமனுக்கான அறுவை சிகிச்சைக்குப் பின், ஏறியிருந்த டி.எஸ்.எச். மாத்திரையில்லாமலே பலருக்கு இறங்குகிறது. சுரப்பியே பழுதாகியிருந்தால் அது இவ்வளவு எளிதில் இறங்காது.

தைராய்டுக் குறைபாடு பொய்யா என்று கேட்கலாம். இல்லை. சென்னை உட்பட 8 நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 11 சதவீதத்தினருக்கு அது இருந்தது. ஆனால் உண்மையான குறைபாட்டிலும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். அதற்கு மேல் கூடிய எடைக்கு வேறு காரணம் தேட வேண்டும். பருமனானவர்களுக்குத் தைராய்டு பரிசோதனை அவசியம், ஆனால் எடையைக் குறைப்பதற்காகத் தைராய்டு ஹார்மோன் தரக்கூடாது என்று ஐரோப்பிய நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2020இல் தெளிவாகச் சொன்னது.

"கொடுத்துப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?" என்பவர்களுக்கும் பதில் உண்டு. தேவைக்கு மேல் போன தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கும், எலும்பைத் தேய்க்கும். 65 வயதும் அதற்கு மேலும் ஆன 737 பேரிடம் நடந்து 2017இல் வெளியான பரிசோதனையில், லேசான குறைபாட்டுக்குத் தந்த மாத்திரையால் சோர்வுகூடக் குறையவில்லை. கர்ப்பிணிகளின் நிலை வேறு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவும் கூடாது. சுரப்பியை விட்டுவிட்டால் பழி நோயாளியின் சோம்பல்மேல் விழுமே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் பருமன் ஒழுக்கக் குறைவு அல்ல; அழற்சியும் ஹார்மோனும் பின்னிய நோய் அது. தமிழ்நாட்டுப் பெண்களில் பத்துக்கு நால்வர் அதிக எடையோடு இருப்பதாகத் தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. டி.எஸ்.எச். சற்றே ஏறியவருக்குத் தைராய்டு எதிர்ப்பொருள் சோதனையும், சில மாதம் கழித்து மறுபரிசோதனையும், அதற்குள் பருமனுக்கே முறையான சிகிச்சையும் கிடைக்க வேண்டும்.