என்ஜின் இல்லாத மோட்டார் வண்டி



பள்ளி விட்ட நேரம். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாக மேடேறிக் கொண்டிருந்தது. என் மாணவன் ஒருவன் ஓடிப்போய், டிராக்டரையும் டிரெய்லரையும் இணைக்கும் இரும்புத் தண்டின்மேல் தாவி ஏறி நின்றுகொண்டான். நான் போட்ட கூச்சலில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். மாலையில் பையனின் தகப்பனாரைக் கண்டு சொன்னேன். அவர் சிரித்தார். "சார், நாங்களும் சின்ன வயசில் அப்படித்தானே போனோம்! என்ஜின் இல்லாத வெறும் பெட்டிதானே அது!" என்றார்.

வெறும் பெட்டியா? மோட்டார் வண்டி இழுத்துச் செல்லும் வண்டியும் மோட்டார் வண்டியே என்கிறது, நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆகவே பொதுச் சாலைக்கு வரும் டிரெய்லருக்குப் பதிவு வேண்டும்; பிறருக்கு நேரும் காயத்துக்கும் மரணத்துக்கும் ஈடு தரும் காப்புறுதியும் வேண்டும். ஓட்டுநருக்குக் கார் லைசென்ஸ் மட்டும் போதாது. சக்கரமுள்ள சிறிய டிராக்டருக்கு 'எஃப்', கனரக டிராக்டருக்கு 'எச்' பிரிவு லைசென்ஸ் தேவை.

நாம் காணும் டிரெய்லர்கள் மூன்று வகை. இரண்டு சக்கர டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கை டிராக்டரின் கொக்கி தாங்குகிறது. குலைகளைப் பின்பக்கமாகக் குவித்தால் கொக்கி மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரம் பிடிப்பு இழக்கும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். ஆனால் அதற்குச் சொந்தப் பிரேக் இல்லாவிட்டால், இறக்கத்தில் டிராக்டரையே நெட்டித் தள்ளும். நெடுஞ்சாலையில் கொள்கலன் ஏற்றி வருவது மூன்றாவது வகை. அதன் முன்பாகம் இழுக்கும் லோரியின் முதுகில் அமர்ந்திருக்கும். எதுவானாலும், வளைவில் டிரெய்லரின் சக்கரம் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். சைக்கிளில் போகும் பிள்ளைகள் அந்தப் பக்கம் ஒதுங்கக் கூடாது.

"தோட்டத்துச் சாலை தனியார் சாலைதானே?" என்பீர்கள். இருக்கட்டும். தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்க வேண்டியது முதலாளியின் கடமை என்கிறது 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உண்டு. ஆகவே டிரெய்லரில் ஏற்றிச் சென்றால், "உட்கார இடம் எங்கே? பிடித்துக்கொள்ளக் கம்பி எங்கே?" என்று மண்டோரிடம் கேளுங்கள். அடிபட்டால் உடனே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஆனால் தொற்றிக்கொண்டு போகும் பிள்ளை தொழிலாளி அல்லவே! அவனுக்குச் சொக்சோவும் இல்லை. இதைச் சொன்னதும் அந்தத் தகப்பனாரின் சிரிப்பு நின்றது.

மறுநாள் காலை, மகனின் கையைப் பிடித்து நடந்தே பள்ளிக்கு அழைத்து வந்தார். நீங்களும் உங்கள் பிள்ளைகளிடம் இன்றே சொல்லி வையுங்கள்.