கேப்டனின் சீருடையும் மாநில உரிமையும்

மும்பையில் மாதுங்காவுக்கும் செம்பூருக்கும் இடையே உள்ளது குரு தேக் பகதூர் நகர். தேசப் பிரிவினையின்போது அகதிகளாக வந்த பஞ்சாபியரும் சிந்தியரும் குடியமர்த்தப்பட்ட பகுதி. சற்றே தள்ளி தாராவி. இங்குள்ள தமிழர்களும் பஞ்சாபியரும் பல்லாண்டுகளாக அண்டை வீட்டார். ஆனாலும் பஞ்சாப் அரசியலைத் தமிழர்கள் தங்களுக்குத் தொடர்புள்ள செய்தியாகப் படிப்பதில்லை. அப்படிப் படித்தாக வேண்டிய அரசியல் வாழ்க்கை ஒன்று உண்டென்றால், அது கேப்டன் அமரீந்தர் சிங்குடையது.

தமிழர்களுக்குக் கேப்டன் என்றால் விஜயகாந்த். அது 1991-ல் வெளிவந்த திரைப்படம் தந்த பட்டம். அமரீந்தரின் பட்டம் ராணுவம் தந்தது. பாட்டியாலா அரச குடும்பத்தில் பிறந்த அவர், 1963-ல் சீக்கியப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார். 1965-ன் தொடக்கத்தில் விலகியவர், பாகிஸ்தானுடன் போர் மூண்டதும் மீண்டும் படைக்குத் திரும்பினார். மேற்குப் பிராந்தியத் தளபதி ஹர்பக்ஷ் சிங்கின் உதவியாளராகப் பணியாற்றினார். ராணுவத்தில் இருந்த காலம் குறைவுதான். ஆனால் கேப்டன் என்ற அடைமொழி வாழ்நாள் முழுவதும் ஒட்டிக்கொண்டது.

சீருடை மட்டுமே வாக்குகளைப் பெற்றுத் தந்துவிடாது என்பதை மும்பை அறியும். இந்திய ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியான கரியப்பா, 1971 மக்களவைத் தேர்தலில் இந்நகரில் நின்று தோற்றார். தென்னிந்தியர்களை எதிர்த்து வளர்ந்த சிவசேனை, குடகு மண்ணில் பிறந்த அவரை ஆதரித்தது! எங்கிருந்து வந்தவர் என்ற கேள்வியைச் சீருடை அடக்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அமரீந்தருக்கும் அந்தச் சீருடைதான் கேடயமாயிற்று. 1984-ல் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்ததைக் கண்டித்துக் காங்கிரஸிலிருந்தும் மக்களவையிலிருந்தும் விலகினார். அகாலி தளத்தில் சேர்ந்து அமைச்சரானார். 1986-ல் பொற்கோயிலுக்குள் போலீஸார் நுழைந்தபோது அப்பதவியையும் துறந்தார். அந்நாளில் வேறொரு சீக்கியத் தலைவர் இவ்வாறு நடந்திருந்தால் பிரிவினைவாதி என்ற முத்திரை எளிதில் விழுந்திருக்கும். எல்லையில் போரிட்டவர் மீது அதைக் குத்துவது எளிதாக இருக்கவில்லை. 1962-ல் சீனப் படையெடுப்பின்போது அண்ணா, திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கி வைத்துப் போர் முயற்சிக்கு ஆதரவளித்தார். அதன் பிறகும் தி.மு.க.வின் தேசபக்தி தில்லியில் ஐயத்துடனேயே பார்க்கப்பட்டது. தமிழக முதல்வர்களில் போர்முனை கண்டவர் எவரும் இல்லை என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

காங்கிரஸுக்குத் திரும்பி 2002-ல் முதல்வரான அமரீந்தர், இந்தக் கேடயத்தை முழுமையாகப் பயன்படுத்தியது 2004-ல். சட்லெஜ் - யமுனை இணைப்புக் கால்வாயைக் கட்டி முடிக்க மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் உத்தரவிட்டது. ஜூலை 12-ம் தேதி பஞ்சாப் சட்டப்பேரவை, ஹரியாணா, ராஜஸ்தானுடன் 1981-ல் செய்துகொண்ட நதிநீர் ஒப்பந்தத்தையே ரத்து செய்து சட்டம் இயற்றியது. எதிர்க்கட்சியும் ஆதரித்தது. தில்லியில் ஆண்டதும் அமரீந்தரின் சொந்தக் கட்சிதான் என்பது குறிப்பிடத்தக்கது. மாநில உரிமை பேசும் தமிழர்களுக்கு இந்தத் துணிச்சல் வியப்பையும் மரியாதையையும் தரக்கூடும்.

ஆனால் காவிரியை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் மரியாதை குறையும். 1991-ல் நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. நீரை வழங்க இடைக்கால உத்தரவு பிறப்பித்தபோது, கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதை முடக்கப் பார்த்தது. அந்த அவசரச் சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் கூறியது. அதைத் தொடர்ந்து பெங்களூரில் தாக்கப்பட்டவர்கள் நீர்ப் பகிர்வில் எந்தப் பங்கும் இல்லாத தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். முல்லைப் பெரியாறு விஷயத்தில் 2006-ல் கேரளம் கொண்டுவந்த சட்டமும் 2014-ல் ரத்தானது. இவ்விரண்டு முடிவுகளின் அடியொற்றியே 2016 நவம்பர் 10-ம் தேதி பஞ்சாப் சட்டமும் செல்லாது என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் தெரிவித்தது. அதை எதிர்த்து அமரீந்தர் மக்களவைப் பதவியைத் துறந்தார். அருண் ஜேட்லியை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்துப் பெற்ற அமிருதசரஸ் தொகுதி அது.

தஞ்சை விவசாயிக்கு எந்தச் சட்டம் அநீதியோ, அதே வகைச் சட்டம் ஹரியாணா விவசாயிக்கும் அநீதிதான். தில்லியை எதிர்ப்பதெல்லாம் மாநில உரிமை ஆகிவிடாது. அண்டை மாநிலத்தின் பங்கை மறுப்பது வேறு. அறுபதுகளில் மண்ணின் மைந்தர் முழக்கத்தின் கசப்பை நேரில் கண்ட மும்பைத் தமிழர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

117-ல் 77 இடங்களுடன் 2017-ல் மீண்டும் முதல்வரான அமரீந்தர், 2020 அக்டோபரில் மத்திய வேளாண் சட்டங்களுக்கு எதிராகச் சட்டப்பேரவையில் மசோதாக்களை நிறைவேற்றினார். அங்கே அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஓராண்டுக்குள் காட்சி மாறியது. 2021 செப்டம்பரில் அவமானப்படுத்தப்பட்டதாகக் கூறி பதவி விலகினார். அடுத்த மாதமே எல்லைப் பாதுகாப்புப் படையின் அதிகார வரம்பைப் பஞ்சாபில் 15 கிலோமீட்டரிலிருந்து 50 கிலோமீட்டராக மத்திய அரசு உயர்த்தியது. மாநில உரிமைக்குச் சவால் என்று அவருக்குப் பின் வந்த முதல்வர் சன்னி எதிர்த்தார். தேசப் பாதுகாப்புக்குத் தேவை என்று அமரீந்தர் வரவேற்றார்.

படைவீரரின் பார்வை அது என்று சொல்லலாம். எல்லை கடந்து வரும் ஆயுதங்கள் பற்றிய அவரது கவலை போலியானதுமல்ல. ஆனால், முதல்வர் நாற்காலியில் இருந்தபோது கேடயமாக இருந்த அதே சீருடை, நாற்காலி போனதும் தில்லிக்குச் செல்லும் அனுமதிச் சீட்டானது. தனிக்கட்சி தொடங்கி 2022 தேர்தலில் பா.ஜ.க.வுடன் கூட்டணி வைத்தார். சொந்த ஊரான பாட்டியாலாவிலேயே ஆம் ஆத்மி வேட்பாளரிடம் தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கட்சியை பா.ஜ.க.வில் இணைத்தார். அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்த நாளிலிருந்து இருபதாண்டுகளுக்கு மேலாகியும் சட்லெஜ் - யமுனை கால்வாய் முடிக்கப்படவில்லை.