டிவியில கேம் ஆடோணுமா?

கேம் ஆட மானிட்டர் எதுக்குங்க, பெரிய டிவியே போதுமேன்னு இப்போ பலரும் கேக்கறாங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேலான டிவிக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாயிடுச்சு. ஆசை வரத்தான் செய்யும். வாங்குங்க, ஆனா அகலத்தை மட்டும் பார்க்காதீங்க.

கெணத்து மேட்டுல மோட்டாரைப் போட்டா கடைசி வயலுக்குத் தண்ணி போக நேரமாகுமில்லீங்களா? பட்டனை அமுக்கினா திரையில தெரியறதும் அப்படித்தான். டிவி படத்தை மெருகேத்திட்டுத்தான் காட்டும். அதுக்குள்ள எதிரி சுட்டுட்டுப் போயிருவான். 'கேம் மோட்' அந்த மெருகு வேலையைக் குறைக்கும். அது இல்லாத டிவி சீரியல் பார்க்கத்தானுங்க ஆகும்.

கிராஸ்கட் ரோட்டுக் கடையில 4கே-ம்பாங்க. 120 ஹெர்ட்ஸ் வருமான்னு கேளுங்க. மேசை மேல ரெண்டடி தூரத்துல 43 இன்ச் வெச்சா கழுத்து போயிரும். தேங்கா வித்த காசோ, சம்பளக் காசோ, லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் சொருகி ஆடிப் பார்த்துட்டுக் குடுங்க.