படம் ஒன்று, நீதி இரண்டா?

நகரம் முழுவதையும் கணிப்பொறித் திரையில் எழுப்பிக் காட்டும் காலம் இது. வானூர்தியிலிருந்து லேசர்க் கதிர் பாய்ச்சி நிலத்தின் மேடு பள்ளம் அளக்கிறார்கள். அதன்மேல் தெருவையும் வீட்டையும் நீள அகல உயரத்தோடு நிறுத்துகிறார்கள். பெய்யும் மழை, ஆற்றின் வரத்து, கழிமுகத்தில் கடலின் ஏற்றம் ஆகிய கணக்குகளைக் கொடுத்தால், எந்தத் தெருவில் முழங்காலளவு, எந்த வீட்டில் கூரையளவு நீர் நிற்கும் என்பதை அந்த முப்பரிமாணப் படம் முன்கூட்டியே காட்டுகிறது. அறிவியலின் அருஞ்செயல்! வரவேற்கிறோம். ஆனால், படம் கண்டபின் ஆள்வோர் செய்வது என்ன? அதுவே நம் வினா.

2015 டிசம்பர் 1 இரவை மறக்க முடியுமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறக்கப்பட்டது. சைதாப்பேட்டைக் குடிசையும் மூழ்கிற்று. கோட்டூர்புரத்து அடுக்குவீடும் மூழ்கிற்று. இது மனிதர் விளைவித்த பேரிடர் என்று, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே கூறிற்று.

பிறகு நடந்ததென்ன? ஆற்றங்கரை ஏழைகளைப் பெயர்த்தெடுத்தனர். குடியேற்றியது எங்கே? பெரும்பாக்கத்தில்! பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடுத்த தாழ்நிலத்தில்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்த வட்டாரமும் நீரில் நின்றது. வெள்ளத்திலிருந்து மீட்டு வெள்ளத்திலேயே வைப்பதற்குப் பெயர் மறுவாழ்வாம்! பிழைப்பு ஓரிடம், இருப்பு வேறிடம் என்றானதுதான் மிச்சம்.

பள்ளிக்கரணையில் 1,247 ஹெக்டேர் 2022இல் ராம்சர் பட்டியலில் ஏறிற்று. மகிழ்ச்சி! ஆனால் பழைய சதுப்பின் பெரும்பகுதி எங்கே போயிற்று? குப்பைமேட்டின் கீழே; சாலையின் கீழே; கண்ணாடி மாளிகைகளின் கீழே! சென்னைக்கு வெள்ள எச்சரிக்கை முறை வகுத்த தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் இருப்பதும் பள்ளிக்கரணையில்தான். சாளரத்தைத் திறந்தாலே தெரியும் உண்மைக்குத் திரை எதற்கு?

“கரையில் விட்டால் ஏழை சாவானே!” என்று இரக்கம் பேசுவோர் உளர். சாக வேண்டாம், மேட்டு நிலத்தில், தொழில் செய்யும் இடத்தருகே வீடு கொடுங்கள். நீரை மறித்த குடிசை குற்றமென்றால், நீரை மறித்த மாளிகை மட்டும் வளர்ச்சியா?

தோழர்களே, நாம் கேட்பது மூன்று. வெள்ளப் படம் அதிகாரியின் மேசையோடு நில்லாமல் ஒவ்வொரு வட்ட அலுவலகத்திலும் மக்கள் கண்முன் தொங்கட்டும். மனை விற்கும் பத்திரத்தில் அங்கே ஏறக்கூடிய நீரின் உயரம் எழுதப்படட்டும். அப்புறப்படுத்தும் ஆணை, படம் காட்டும் எல்லார் வாசலுக்கும் ஒன்றாகவே செல்லட்டும்.

கணிப்பொறி பட்டா பார்ப்பதில்லை, பணப்பெட்டி பார்ப்பதில்லை, பள்ளத்தை மட்டுமே பார்க்கிறது. அந்த நேர்மை இயந்திரத்துக்கு இருக்கும்போது அரசுக்கு இருக்கக் கூடாதா? வட்டந்தோறும் கேளுங்கள், அடுத்த மழைக்கு முன்பே கேளுங்கள்!