பிள்ளையைப் பிறர் வீட்டில் விடும் முன்...

“நடவு, களையெடுப்பு நாட்களில் 2 வயது மகளைப் பக்கத்துத் தெருவில் ஓர் அம்மாவிடம் பணம் கொடுத்து விட்டுச் செல்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?”

- வாசகி, திருப்புட்குழி.

“முதலில் அந்த வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மூடாத தொட்டி, தறிக்குழி, கைக்கு எட்டும் பூச்சிமருந்து இருந்தால் விட வேண்டாம். இந்த வயதில் ஒரு வாளித் தண்ணீரே ஆபத்து. அவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார், அவர் வெளியே போனால் யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஒருநாள் சொல்லாமல் நடுப்பகலில் போய்ப் பாருங்கள்.

மத்திய அரசின் ‘பால்னா’ திட்டத்தில், அங்கன்வாடியோடு இணைந்த காப்பகங்கள் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள குழந்தைகளை நாளொன்றுக்கு ஏழரை மணி நேரம் பார்த்துக்கொள்கின்றன. அருகில் உண்டா என்று அங்கன்வாடிப் பணியாளரிடம் விசாரியுங்கள். குழந்தைக்கு ஆபத்து என்றால், 1098-ஐ இலவசமாக அழைக்கலாம்.”